பெட்ரோல் பங்க் கம்பெனிக்கு பெட்ரோல் எதுக்கு? ஆப்பிள்கிரீன் வளர்ந்த கதை

நியூயார்க் மாநிலத்துல த்ரூவேன்னு ஒரு டோல் ரோடு இருக்கு, கிளை ரோடெல்லாம் சேர்த்தா 570 மைல் வரும். அந்த ரோட்டுல போறவங்க வண்டிய ஓரங்கட்டி சாப்பிட, பாத்ரூம் போக, காபி குடிக்கன்னு 27 இடம் கட்டி வெச்சிருக்காங்க. இந்த 27ம் 2021ல இருந்து 33 வருஷ குத்தகைக்கு ஆப்பிள்கிரீன்ங்கிற ஐரிஷ் கம்பெனி கைக்கு போயிடுச்சு. டப்ளின் ஓரத்துல ஒரே ஒரு பெட்ரோல் பங்க்ல ஆரம்பிச்ச கம்பெனி இது. வேடிக்கை என்னன்னா, அந்த 27 இடத்துலயும் பெட்ரோல் விக்கிற கான்ட்ராக்ட் இவங்ககிட்ட இல்ல, அது தனி கான்ட்ராக்ட், வேற ஆளுங்க நடத்துறாங்க. ஆப்பிள்கிரீன் கையில இருக்கறது கட்டடமும் சாப்பாட்டுக் கடைகளும்தான்.

பெட்ரோல் பங்க் கம்பெனி பெட்ரோலே இல்லாத ஒரு டீலுக்கு எதுக்கு 45 கோடி டாலர் போடுறேன்னு கையெழுத்து போடுதுன்னு புரிஞ்சுக்கணும்னா முதல்ல பங்க் கணக்க பாக்கணும்.

பிரிட்டனையே எடுத்துக்குவோம். பெட்ரோல் லிட்டர் 1 பவுண்டு 40 பென்ஸ்னு போர்டுல போட்டிருக்குன்னு வைங்க. அதுல எரிபொருள் வரி 52.95 பென்ஸ் (2022 மார்ச்ல 5 பென்ஸ் குறைச்சதுக்கு அப்புறம் நின்ன ரேட்), அதுக்கு மேல மொத்தத்துக்கும் 20 சதவீதம் வாட், அது 23 பென்ஸ் சொச்சம். ஆக 140ல 76 பென்ஸ் நேரா கவர்மெண்டுக்கு. மிச்சம் 64 பென்ஸ்ல கச்சா எண்ணெய், ரிஃபைனரி, டேங்கர் லாரி எல்லாம் போக பங்க் ஓனருக்கு நிக்கிறது சில பென்ஸ்தான், அதுலயும் கார்டு கமிஷன், கரண்டு, சம்பளம், வாடகை. இதுல எதிர்ல இருக்கற சூப்பர்மார்க்கெட் பங்க் ஒரு பென்ஸ் குறைச்சா இவரும் குறைச்சாகணும், ஏன்னா உலகத்துலயே தன் விலைய ஆளுயர போர்டுல எழுதி ரோட்டு மேல தூக்கி நிறுத்தி வெச்சு விக்கிற வியாபாரம் இது ஒண்ணுதான் இருக்கும், வண்டிய நிறுத்தாமலே கஸ்டமர் விலைய ஒப்பிட்டு பாத்துட்டு போயிடுவான். காபிக்கு அப்படி போர்டு கிடையாது. பக்கத்து கடையில காபி 30 பென்ஸ் கம்மின்னு யாரும் யூ டர்ன் அடிக்க மாட்டாங்க, ஆனா பெட்ரோலுக்கு 3 பென்ஸ் கம்மின்னா அடிப்பாங்க. கம்மின்னு நம்பி ரெண்டு கிலோமீட்டர் சுத்தி போய் அந்த லாபத்த அங்கேயே எரிச்சிட்டு வர்றவங்களும் இருக்காங்க, அது தனிக்கதை.

லண்டன்ல பெட்ரோல் ஸ்டேஷன் கவுண்டர்ல நைட் ஷிஃப்ட் பாத்து, அப்புறம் சொந்தமாவே ஸ்டேஷன் எடுத்து நடத்துற ஈழத்தமிழர்கள் நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு இந்தக் கணக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. வண்டி பெட்ரோலுக்கு வரும், காசு கடையில வரும்.

1992ல டப்ளின்ல பாலிஃபெர்மட்ங்கிற ஏரியால பாப் எட்சிங்ஹாம், ஜோ பேரட்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச பங்குக்கும் அடிப்படை இதுதான். அப்ப கம்பெனி பேர் பெட்ரோகேஸ். பச்சை ஆப்பிள் போட்ட ஆப்பிள்கிரீன் பிராண்டு 2005ல தான் வந்துச்சு. அவங்க ஃபார்முலா ரொம்ப சிம்பிள், பெட்ரோல் விலைய சுத்துவட்டாரத்துல கம்மியா வெச்சு அதையே விளம்பரமா பண்ணு, உள்ள கடைய பெருசா சுத்தமா வை, சாப்பாட்டுக்கு தெரிஞ்ச பேர கொண்டு வா. பர்கர் கிங், சப்வே மாதிரி பிராண்டுங்கள ஃப்ரான்சைஸ் எடுத்து நடத்துனாங்க, கூடவே பேக்வெல்னு சொந்தமா ஒரு கஃபே பிராண்டும். பெரிய எண்ணெய் கம்பெனிங்களுக்கு தலைவலியா இருந்த பெட்ரோல் பங்குகள இவங்க வாங்கிப் போட்டாங்க. ஷெல், எஸ்ஸோ மாதிரி ஆளுங்களுக்கு ரீடெயில்ங்கிறது மொத்த வியாபாரத்துல ஒரு ஓரம், சாண்ட்விச் நேத்து வந்ததா இன்னிக்கு வந்ததான்னு பாக்கற வேலையில அவங்களுக்கு பெரிய ஆர்வம் கிடையாது. பல நாட்டுல அவங்க பங்குகள வித்துட்டு சப்ளை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. அப்படி உண்டான காலி இடத்துல தான் ஆப்பிள்கிரீன் வளர்ந்துச்சு. இங்கிலாந்துல பிளாக்பர்ன் ஊர்ல குஜராத்தி குடும்பத்துல பொறந்த ஈசா சகோதரர்கள் 2001ல ஒரு பங்க் வாங்கி ஆரம்பிச்ச யூரோ கராஜஸ், இப்போ ஈஜி குரூப், அதுவும் இதே காலி இடத்துல முளைச்சதுதான். அவங்க கதை இன்னும் பெருசு, 2020ல ஆஸ்டா சூப்பர்மார்க்கெட்டையே 680 கோடி பவுண்டு மதிப்புல ஒரு முதலீட்டு நிறுவனத்தோட சேர்ந்து வாங்குற அளவுக்கு போயிட்டாங்க, கடனும் அதே அளவுக்கு ஏறுச்சு.

இது வரைக்கும் ஊருக்குள்ள இருக்கற பங்க். மோட்டார்வேக்கு, அதாவது பிரிட்டன், அயர்லாந்துல இருக்கற அதிவேக நெடுஞ்சாலைக்கு போனா கணக்கு அப்படியே தலைகீழ்.

மோட்டார்வேல ஏறிட்டா நினைச்ச இடத்துல நிறுத்த முடியாது, ரோட்டோரத்துல டீக்கடை வர முடியாது, யார் வேணா நிலம் வாங்கி கடை போடவும் முடியாது. இங்கிலாந்துல சர்வீஸ் ஏரியா (த்ரூவேல பாத்தோமே, அந்த மாதிரி நிறுத்தி சாப்பிட, பாத்ரூம் போகற இடம், சுருக்கமா சர்வீஸ்) எங்க வரணும்ங்கிறதுக்கு அரசு பாலிசி இருக்கு, ரெண்டு சர்வீஸ்க்கு நடுவுல 28 மைல் இல்ல அரை மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது அதுல ஒரு அளவுகோல். மோட்டார்வே வழிகாட்டி போர்டுல சர்வீஸ் பேர் வரணும்னா சில கண்டிஷனும் உண்டு. 24 மணி நேரமும் வருஷம் 365 நாளும் திறந்திருக்கணும், டாய்லெட் ஃப்ரீ, ரெண்டு மணி நேரம் பார்க்கிங் ஃப்ரீ, வர்றவன் எதையும் வாங்கணும்னு கட்டாயம் இல்ல. கிறிஸ்துமஸ் ராத்திரி 3 மணிக்கு ஒரு லாரி வந்தாலும் லைட் எரியணும், டாய்லெட் சுத்தமா இருக்கணும். அந்த செலவ யார் தர்றது? பக்கத்துல போட்டி இல்லாத பர்கரும் காபியும் தான். தியேட்டர்ல பாப்கார்ன் விலை ஏன் அப்படி இருக்குன்னு கேக்கற கேள்விக்கு என்ன பதிலோ அதே பதில் தான் இங்கயும்.

பெட்ரோலும் இதுல அடக்கம். பிரிட்டன்ல போட்டிய கண்காணிக்கிற அரசு அமைப்பு சிஎம்ஏ 2023ல எரிபொருள் மார்க்கெட்ட பத்தி ஒரு பெரிய ரிப்போர்ட் போட்டுச்சு, அதுல மோட்டார்வே சர்வீஸ்ல மத்த இடத்த விட பெட்ரோல் லிட்டருக்கு கிட்டத்தட்ட 20 பென்ஸ், டீசல் 15 பென்ஸ் கூடன்னு இருந்துச்சு. ஊருக்குள்ள ஒரு பென்ஸ்க்கு அடிச்சுக்குற அதே சரக்கு! 24 மணி நேர செலவு ஒரு காரணம்னு கம்பெனிங்க சொல்லுவாங்க, அது பொய்யில்ல, ஆனா 20 பென்ஸ் முழுசும் அதுதான்னு நம்பறது கொஞ்சம் கஷ்டம்.

இந்த அமைப்பு எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போகலாம். 1959 நவம்பர்ல இங்கிலாந்துல எம்1ங்கிற மோட்டார்வே திறந்தப்ப வாட்ஃபர்ட் கேப், நியூபோர்ட் பேக்னல்னு ரெண்டு இடத்துல சர்வீஸ் ஆரம்பிச்சாங்க. வாட்ஃபர்ட் கேப்ல கட்டடமே ரெடியாகல, ஷெட்டு போட்டு சாண்ட்விச் வித்தாங்க. நியூபோர்ட் பேக்னல், சாப்பாட்டுக் கடை முதலாளி சார்லஸ் ஃபோர்ட்டேவோட கம்பெனிக்கு. அப்பல்லாம் நிலம் அரசோடது, கம்பெனிங்க குத்தகைக்கு நடத்துவாங்க. அரசு வாடகையும் வாங்கிக்கிட்டு என்ன விக்கலாம் எப்படி கட்டலாம்னு ஏகப்பட்ட ரூலும் போட்டதால சாப்பாடு சுமார், விலை ஜாஸ்தின்னு சர்வீஸ்னாலே ஜனங்க முகம் சுளிக்கற நிலைமை ஆயிடுச்சு. 1992ல தான் அரசு கைய எடுத்துட்டு தனியாரே இடம் தேடி அனுமதி வாங்கி கட்டிக்கலாம்னு மாத்துனாங்க, இருக்கற இடங்களயும் வித்தாங்க. சர்வீஸ்ல சாராயம் விக்கக்கூடாதுங்கிற தடை மட்டும் இன்னும் ரெண்டு பத்தாண்டு நீடிச்சு 2013ல தளர்ந்துச்சு, அடுத்த வருஷமே எம்40ல பீகன்ஸ்ஃபீல்டுல ஒரு பப் வந்து, ரோட்டு மேல பப் எதுக்குடான்னு பேப்பர்ல சண்டை நடந்துச்சு.

சாப்பாடு மோசமா தான் இருக்கணும்னு விதி ஒண்ணும் இல்ல. எம்6ல கம்ப்ரியா மலைப்பக்கம் டீபேன்னு ஒரு சர்வீஸ், 1972ல டன்னிங்னு ஒரு விவசாயக் குடும்பம் தங்களோட நிலத்த ரோடு வெட்டிட்டு போனதால ஆரம்பிச்சது. பக்கத்து பண்ணை கறி, சீஸ், கேக்னு விப்பாங்க, பர்கர் பிராண்டு எதுவும் கிடையாது, அங்க சாப்பிடறதுக்குன்னே வழிய மாத்தி போறவங்க இருக்காங்க. ஆனா அந்தக் குடும்பம் அரை நூற்றாண்டுல சேத்தது சில இடம் தான். வேகமா பெருசாகணும்னா பிராண்டு தான் வழி, ஸ்டார்பக்ஸ்னு போர்டு பாத்தா கிளாஸ்கோல இருந்து வர்றவனுக்கும் கேன்ட்ல இருந்து வர்றவனுக்கும் உள்ள என்ன கிடைக்கும்னு தெரியும், யோசிக்காம நிறுத்துவான்.

அயர்லாந்துக்கு மோட்டார்வேயே லேட்டா வந்த சமாச்சாரம், சர்வீஸ் அதை விட லேட்டு. நாடு பூரா புது ரோடு போட்டு முடிக்கிற வரைக்கும் நிறுத்த இடம் இல்லாம தவிச்சாங்க. 2010ல தான் எம்1ல (இது அயர்லாந்தோட எம்1, இங்கிலாந்து ரோடு இல்ல) லஸ்க், கேசில்பெல்லிங்ஹம், எம்4ல என்ஃபீல்டுனு அரசு டெண்டர் விட்ட சர்வீஸ் ஏரியாங்க திறந்துச்சு, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா. அதை நடத்துறது ஆப்பிள்கிரீன். என் கணக்குல கம்பெனியோட திருப்பம் இங்க தான், விலைய குறைச்சு ஆள் சேக்கற வியாபாரத்துல இருந்தவங்க, விலைய குறைக்கவே தேவையில்லாத இடம்னு ஒண்ணு இருக்குன்னு கண்ணால பாத்தது அப்பதான். அரசு டெண்டர் விடாத இடத்துல எக்ஸிட் பக்கத்துல தனியார் நிலம் வாங்கி கட்டறது இன்னொரு வழி. ஒபாமாவோட அம்மா வழி முன்னோர் ஊர்னு அவர் 2011ல வந்து போன மனிகால் பக்கத்துல எம்7 மேல சூப்பர்மேக்ஸ்னு ஐரிஷ் பர்கர் கம்பெனி 2014ல பராக் ஒபாமா பிளாசானே பேர் வெச்சு ஒரு சர்வீஸ் திறந்துச்சு, உள்ள அவருக்குன்னு ஒரு கண்காட்சி வேற. சிரிப்பா இருந்தாலும் வியாபாரம் நல்லா தான் ஓடுது. இந்த மாதிரி இடத்துக்கு ஒருத்தர் அனுமதி கேட்டா பத்து மைல் தள்ளி இருக்கறவர் டிராஃபிக் ஜாஸ்தியாகும் அது இதுன்னு ஆட்சேபம் போடறது அயர்லாந்துலயும் இங்கிலாந்துலயும் சகஜம். அவருக்கு டிராஃபிக் மேல அவ்ளோ அக்கறையான்னு கேக்கப்படாது.

2015 ஜூன்ல ஆப்பிள்கிரீன் டப்ளின்லயும் லண்டன்லயும் ஷேர் மார்க்கெட்டுக்கு வந்துச்சு, ஒரு ஷேர் 3.80 யூரோ. அதுக்கப்புறம் பெரிய காய் நகர்த்தல் 2018ல. இங்கிலாந்துல மோட்டோவுக்கு அடுத்த ரெண்டாவது பெரிய சர்வீஸ் கம்பெனி வெல்கம் பிரேக், 24 மோட்டார்வே சர்வீஸ், ரெண்டு நெடுஞ்சாலை சர்வீஸ், 29 ஹோட்டல். முன்னாடி சொன்ன நியூபோர்ட் பேக்னலும் இப்ப அவங்களோடது தான். அதுல 55 சதவீதத்த ஆப்பிள்கிரீன் எடுத்துச்சு, டீல் சுமார் 36 கோடி யூரோ. வாங்குறவங்கள விட வாங்கப்படுற கம்பெனி கனமா இருந்ததால லண்டன் சின்ன கம்பெனி மார்க்கெட் ரூல்படி இது ரிவர்ஸ் டேக்ஓவர், ஷேர் வர்த்தகத்தையே கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சு பங்குதாரர்கள் ஓட்டு போட்டதுக்கு அப்புறம் தான் முடிஞ்சுது. அது வரைக்கும் பங்க் கம்பெனி, சைடுல சர்வீஸ். அதுக்கப்புறம் சர்வீஸ் கம்பெனி, சைடுல பங்க்.

அடுத்து 2020, கொரோனா. லாரிக்காரங்களுக்காக சர்வீஸ்களும் டாய்லெட்டும் திறந்தே இருக்கணும், ஆனா கார் வராது, உக்காந்து சாப்பிட அனுமதி கிடையாது, செலவு அப்படியே நிக்குது வரவு காலி. புதுசா பெரிய கடன் எடுத்த கம்பெனிக்கு இத விட மோசமான நேரம் அமையாது. அந்த டிசம்பர்ல பிளாக்ஸ்டோன்ங்கிற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தோட இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஃபண்டு வந்துச்சு, நிறுவனர் ரெண்டு பேரும் (அவங்க கையில ஏற்கனவே 40 சதவீதத்துக்கு மேல இருந்துச்சு) கூட சேர்ந்து, ஷேருக்கு 5.75 யூரோ, மொத்தம் கிட்டத்தட்ட 72 கோடி யூரோன்னு விலை பேசி 2021ல கம்பெனிய மார்க்கெட்ல இருந்தே எடுத்துட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டியது பிளாக்ஸ்டோன்கிட்ட எந்த ஃபண்டு வாங்குச்சுங்கிறது. கடை, ஹோட்டல் வாங்குற ஃபண்டு இல்ல, ஏர்போர்ட், பைப்லைன், போர்ட் மாதிரி சமாச்சாரம் வாங்குற ஃபண்டு. பர்கர் விக்கிற கம்பெனிய துறைமுகம் மாதிரி நினைச்சு வாங்கியிருக்காங்க, ஏன்னா அவங்க பாக்கறது பர்கர இல்ல. பக்கத்துல இன்னொண்ணு வர முடியாத நிலம், 30 வருஷம் 35 வருஷம் குத்தகை, வருஷா வருஷம் ஓடுற வண்டி, இந்த மூணு தான் அவங்களுக்கு சொத்து. பென்ஷன் பணம் போட்டிருக்கறவங்களுக்கு நிதானமா வருஷா வருஷம் வந்துக்கிட்டே இருக்கற காசு தான் வேணும்.

அந்த கண்ணாடி போட்டு பாத்தா அமெரிக்கா ஏன்னும் புரியும். அங்க இன்டர்ஸ்டேட் ஹைவேக்கான 1950கள்ல வந்த ஃபெடரல் சட்டப்படி ரோட்டு எல்லைக்குள்ள கடை, பெட்ரோல் எதுவும் விக்கக்கூடாது, எக்ஸிட் எடுத்து ஊருக்குள்ள போய் தான் வாங்கணும், ஊர்க்காரங்க பொழப்பு கெடக்கூடாதுன்னு. விதிவிலக்கு, 1960க்கு முன்னாடியே இருந்த பழைய டோல் ரோடுங்க. அதனால கிழக்குக் கரை ஓரமா இருக்கற நியூயார்க் த்ரூவே, மாசசூசெட்ஸ் டர்ன்பைக் மாதிரி கொஞ்சம் ரோட்டுல மட்டும் தான் ரோட்டுக்குள்ளயே சர்வீஸ் பிளாசா இருக்கும், புதுசா ஒண்ணு இன்டர்ஸ்டேட்ல எங்கயும் வரப்போறதில்ல. எண்ணிக்கை சட்டத்தால உறைஞ்சு போன சொத்து! கனெக்டிகட்ல 23 பிளாசால 40 சதவீத பங்கு ஆப்பிள்கிரீன் ஏற்கனவே 2019லயே எடுத்திருந்தாங்க. 2021ல இத்தாலியோட ஆட்டோகிரில் கம்பெனி தன்னோட அமெரிக்க நெடுஞ்சாலை வியாபாரத்த, 59 பிளாசா, 37.5 கோடி டாலருக்கு வித்தப்ப ஆப்பிள்கிரீன், பிளாக்ஸ்டோன் கூட்டணி தான் வாங்குச்சு. டெலவேர்ல ஐ95 ஹைவே மேல பைடன் பேர் வெச்ச பிளாசாவும் அதுல ஒண்ணு. ஒபாமா பிளாசா போட்டியாளர் கையில, பைடன் பிளாசா இவங்க கையில.

நியூயார்க்ல 27ல 23 கட்டடத்த இடிச்சு புதுசா கட்டறது, மிச்சம் 4ஐ புதுப்பிக்கறது, டோல் பணத்துல இருந்து ஒரு டாலர் எடுக்காம, இது தான் பேச்சு. அரசுக்கு செலவில்லாம புது கட்டடம் கிடைக்குது, கம்பெனிக்கு 33 வருஷம் கிடைக்குது. ஆனா ரோடு பொதுச் சொத்து இல்லியா, அதனால அங்க என்ன விக்கிறீங்கங்கிறதும் பொது விவகாரம் ஆயிடும். சிக்-ஃபில்-ஏ ன்னு ஒரு சிக்கன் கடை, மதக் காரணத்துக்காக ஞாயித்துக்கிழமை திறக்க மாட்டாங்க, அமெரிக்கா முழுக்க அப்படித்தான். சில பிளாசால அந்தக் கடைய கொண்டு வந்து வெச்சாங்க. ஜனங்க ஊருக்கு போயிட்டு கூட்டமா திரும்பறதே ஞாயித்துக்கிழமை, அன்னிக்கு பாத்து ஷட்டர் போட்டிருந்தா எப்படின்னு 2023 டிசம்பர்ல, இனிமே போடுற கான்ட்ராக்ட்ல எல்லா சாப்பாட்டுக் கடையும் ஏழு நாளும் திறக்கணும்னு நியூயார்க் சட்டசபைல ஒரு மசோதாவே வந்துச்சு. ஊருக்குள்ள ஒரு கடை ஞாயிறு லீவு விட்டா யாராவது மசோதா போடுவாங்களா? மாத்து இல்லாத இடம்ங்கிறதால தான் இந்த சண்டையே.

மாசசூசெட்ஸ்ல இத விட பலமா அடி விழுந்துச்சு. 2025 ஜூன்ல மாநில போக்குவரத்து துறை 18 பிளாசாவ 35 வருஷத்துக்கு ஆப்பிள்கிரீன்கிட்ட தர்றதா முடிவு பண்ணுச்சு. ஏற்கனவே அங்க நடத்திக்கிட்டு இருந்த உள்ளூர் எரிபொருள் கம்பெனி குளோபல் பார்ட்னர்ஸ், நாங்க வாடகை கூடுதலா தர்றோம்னு தானே சொன்னோம், ஏலம் நடந்த விதமே சரியில்லன்னு கோர்ட்டுக்கு போயிட்டாங்க. அரசு தரப்பு, வாடகை மட்டும் பாக்கல, கட்டடத்துல எவ்ளோ போடுறாங்க, என்ன வசதி வரும்னும் பாத்தோம்னுச்சு. உள்ளூர் கம்பெனிய விட்டுட்டு பிளாக்ஸ்டோன் பின்னாடி நிக்கிற வெளிநாட்டுக்காரனுக்கான்னு அரசியலும் சூடாச்சு. செப்டம்பர்ல ஆப்பிள்கிரீன் விலகிட்டோம்னு சொல்லிட்டாங்க. பக்கத்துல போட்டி கிடையாது, நிஜம் தான், ஆனா மொத்த போட்டியும் டெண்டர் நடக்குற அந்த சில மாசத்துக்குள்ள அடங்கிடுது, அங்க தோத்தா அடுத்த சான்ஸுக்கு ஒரு தலைமுறை ஆகும். அப்ப எல்லாரும் வக்கீலோட தான் வருவாங்க.

எலக்ட்ரிக் கார் வந்தா பங்குகள் என்ன ஆகும்ங்கிற கேள்வி நிறைய பேர் கேக்கறாங்க. ஊருக்குள்ள இருக்கற பங்குக்கு அது நிஜமான பயம், வீட்டுல சார்ஜ் போடுறவன் பங்குக்கு எதுக்கு வரணும். மோட்டார்வே சர்வீஸ்க்கு அது வரம். பெட்ரோல் போட அஞ்சு நிமிஷம், சார்ஜ் போட 20, 30 நிமிஷம், அந்த நேரம் முழுக்க கார்க்காரன் உள்ள தான் சுத்திக்கிட்டு இருப்பான், குழந்தைங்க கூட இருந்தா கேக்கவே வேணாம். பிரிட்டன்ல எலக்ட்ரிக் ஹைவேன்னு முதல் நெடுஞ்சாலை சார்ஜர் வரிசை 2011ல ஆரம்பிச்சதே வெல்கம் பிரேக்கோட சவுத் மிம்ஸ் சர்வீஸ்ல தான். சிக்கல் கரண்டு. வயல் நடுவுல இருக்கற சர்வீஸ்க்கு ஒரே நேரத்துல இருபது முப்பது கார் ஃபாஸ்ட் சார்ஜ் போடற அளவுக்கு லைன் இழுக்கணும்னா சப்ஸ்டேஷன் வரைக்கும் வேலை இருக்கு, அனுமதிக்கே வருஷக்கணக்காகும். இங்கிலாந்துல ஒவ்வொரு மோட்டார்வே சர்வீஸ்லயும் 2023 முடியறதுக்குள்ள ஆறு அதிவேக சார்ஜராவது இருக்கும்னு அரசு 2020ல இலக்கு வெச்சுச்சு, நெருங்கக்கூட இல்லாத இடங்கள் நிறைய. இப்ப ஒரு சர்வீஸ் வாங்க வர்றவங்க முதல்ல கேக்கறதுல, வண்டி எவ்ளோ ஓடுதுங்கிறதோட சேர்ந்து, அந்த இடத்துக்கு எத்தன மெகாவாட் கனெக்‌ஷன் இருக்குங்கிறதும் வந்துடுச்சு.